முந்தி விதைத்தவர் பிழைத்தார்

சோளப் பூச்சிகளை அடக்குவதில் பெங்களூருவுக்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான அனுபவம் உண்டு. அந்த அனுபவம் சொல்லும் பாடம் ஒன்றுதான்: சிறு விவசாயிக்கு முதல் தேவை மருந்து டப்பா அல்ல. சரியான நாளும், பக்கத்து வயல்காரரின் ஒத்துழைப்பும்தான்.

பெங்களூரு நகரிலிருந்து விமான நிலையத்துக்கு விரையும் கார்கள் ஹெப்பாள் மேம்பாலத்தில் நெரிசலில் சிக்கித் தவிப்பது அன்றாடக் காட்சி. அதே பல்லாரி சாலை ஓரத்தில், வெளியே தெரியாத இன்னொரு நெரிசலும் உண்டு. மத்திய அரசின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தின் ஆய்வுக் கூடங்களில், மரப்பெட்டிகளில் நிரப்பிய உடைத்த தானியத்துக்குள் ஆயிரக்கணக்கான அந்துப்பூச்சிப் புழுக்கள் நெளிகின்றன. பூச்சியை ஒழிக்க வேண்டிய விஞ்ஞானிகள் பூச்சியை வளர்க்கிறார்கள்.

காரணம் இருக்கிறது. அந்துப்பூச்சி இடும் முட்டைகளைச் சேகரித்து, ஒரு அட்டையில் பசை தடவி ஒட்டுகிறார்கள். டிரைக்கோகிரம்மா என்ற குளவியை அதன் மேல் விடுகிறார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத இந்தக் குளவி, ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையைச் செருகிவிடும். ஒரு வாரம் கழித்து அட்டையிலிருந்து வெளிவருவது அந்துப்பூச்சி அல்ல, குளவி. அட்டையைத் துண்டு துண்டாக வெட்டி வயலில் இலைகளின் அடிப்புறம் கட்டிவிட்டால், வெளிவரும் குளவிகள் தண்டுத் துளைப்பானின் முட்டைகளைத் தேடிப் போய் அழிக்கும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அந்துப்பூச்சிக்குப் போடும் தீனி பெரும்பாலும் உடைத்த சோளம் அல்லது கம்பு. சோளத்தைக் காக்கப் போகும் குளவி, சோளம் தின்று வளர்ந்த பூச்சியின் முட்டையில்தான் பிறக்கிறது.

ஏற்பாடு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கர்நாடகத்தின் சோளம் ஹெப்பாளில் விளைவதில்லை. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, விஜயபுரா, கலபுரகி, ராய்ச்சூர் பக்கத்துக் கரிசல் மண்ணில் விளைகிறது. அட்டையில் இருக்கும் குளவிக்கு ஆயுள் சில நாட்கள்தான். விதைத்து முப்பது நாள் ஆன பயிருக்கு அது நாற்பத்தைந்தாவது நாளில் போய்ச் சேர்ந்தால் அட்டை வெறும் காகிதம்.

பதின்மூன்றாயிரம் ரூபாய்ப் பயிர்

சோள விவசாயியின் நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு போதும். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை, வீரிய ஒட்டுச் சோளத்துக்குக் குவிண்டாலுக்கு 3,371 ரூபாய். மால்தண்டிச் சோளத்துக்கு 3,421 ரூபாய். நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் ஒரு டன். அதாவது ஏக்கருக்கு நான்கு குவிண்டால். அரசு சொன்ன விலை அப்படியே கைக்கு வந்தாலும் ஏக்கருக்குச் சுமார் 13,500 ரூபாய்தான் தேறும். உழவு, விதை, களை, அறுப்பு, அடிப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும்.

இந்தப் பயிருக்கு இரண்டு முறை விலை உயர்ந்த மருந்து அடித்தால் என்ன மிஞ்சும் என்பது எந்த விவசாயிக்கும் மனக்கணக்கு. பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்துக் கடையில் கடன் வாங்கத் துணிபவர் சோளத்துக்கு வாங்க மாட்டார். மழையை நம்பி நிற்கும் பயிர் இது. மழை பொய்த்தால் மருந்துச் செலவும் மண்ணோடு போகும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சோளத்தில் தானியம் பாதிதான். மீதிப் பாதி தட்டை. கோடையில் மாடுகளுக்கு அதுதான் சோறு. மருந்து அடித்த தட்டையை மாட்டுக்குப் போட யாருக்கும் மனம் வராது. போடவும் கூடாது. ஆக, சோளத்துக்குப் பூச்சி நிர்வாகம் என்றால் அது பணம் அதிகம் கேட்காததாகவும், மாட்டுக்குக் கேடு செய்யாததாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளும் புதியவை அல்ல. பெங்களூருவில் பூச்சி ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்தே இருப்பவைதான்.

கோல்மன் கண்ட வெட்டுக்கிளி

1908-ல் லெஸ்லி கோல்மன் என்ற கனடாக்காரர் மைசூர் அரசின் பூச்சியியல், பூஞ்சையியல் நிபுணராக வேலைக்கு வந்தார். பின்னாளில் மைசூரின் விவசாயத் துறைக்கே இயக்குநராகி, 1934 வரை இருந்தவர். பாக்கு மரங்களை வாட்டிய அழுகல் நோய்க்கு மருந்து காட்டியவர் என்று மலைநாட்டில் இன்றும் அவர் பெயர் நினைவுகூரப்படுகிறது. ஆனால் பூச்சித் துறையில் அவருடைய தொடக்க காலப் பணிகளில் ஒன்று சோளத்தைப் பற்றியது.

தக்காண மேட்டு நிலத்தின் சோளக் காடுகளைப் பறக்கத் தெரியாத ஒரு வெட்டுக்கிளி சூறையாடிக்கொண்டிருந்தது. சோளத்துக்குக் கன்னடத்தில் ஜோளம் என்று பெயர். பூச்சிக்கும் ஜோள வெட்டுக்கிளி என்றே பெயர் விழுந்தது. அதைப் பற்றிய கோல்மனின் அறிக்கை 1911-ல் மைசூர் விவசாயத் துறை வெளியீடாக வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில், ஸ்பெயின் நாட்டுப் பூச்சியியலாளர் பொலிவர் இந்த வெட்டுக்கிளிக்கு வைத்த அறிவியல் பெயரில் கோல்மனின் பெயரையே சேர்த்திருந்தார்: கோல்மேனியா.

இன்று கடையில் கிடைக்கும் ரசாயன மருந்துகள் எதுவும் அப்போது கிடையாது. வெட்டுக்கிளிக்கு எதிராக அந்தக் காலத்தில் கையில் இருந்தவை பையும் கலப்பையும்தான். மழை தொடங்கியதும் மண்ணிலிருந்து வெளிவரும் குஞ்சுகளைப் பையில் வாரிக் கொல்வது, முட்டை புதைந்திருக்கும் நிலத்தை உழுது புரட்டி வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுவது. இரண்டுக்கும் காசு வேண்டாம், ஆள்தான் வேண்டும். அதுவும் ஒருவர் இருவர் அல்ல, ஊரே இறங்க வேண்டும். ஒருவர் உழுது, பக்கத்து வயல்காரர் சும்மா இருந்தால், அங்கே பொரித்த குஞ்சுகள் வரப்பைத் தாண்டி நடந்தே வந்துவிடும்.

கோல்மனுக்கு உதவியாளராக இருந்தவர் குஞ்ஞிக்கண்ணன் என்ற மலையாளி. மைசூர் அரசின் முதல் இந்தியப் பூச்சியியலாளர் அவர்தான். 1931-ல் மறையும் வரை, ஏழை விவசாயிக்குக் கட்டுப்படியாகும் எளிய முறைகளைத் தேடுவதிலேயே அக்கறை காட்டினார். ஆக, இன்று கருத்தரங்குகளில் ஒருங்கிணைந்த பூச்சி நிர்வாகம் என்று பெரிய பெயரில் பேசப்படும் விஷயத்தின் விதை, அந்தச் சொல் பிறப்பதற்கு முன்பே ஹெப்பாள் பக்கம் ஊன்றப்பட்டுவிட்டது.

நான்கு எதிரிகள், நான்கு பருவங்கள்

வெட்டுக்கிளியின் கொட்டம் பின்னர் அடங்கிவிட்டது. ஆனால் சோளத்துக்கு எதிரிகள் குறையவில்லை. அவற்றில் நால்வர் முக்கியமானவர்கள். ஒவ்வொருவரும் வருவதற்கு ஒரு நேரம் வைத்திருக்கிறார்கள்.

முதலில் வருவது குருத்து ஈ. விதைத்த முதல் மாதம்தான் அதன் வேட்டைக் காலம். இளம் பயிரின் இலைக்கு அடியில் வெள்ளை நிறத்தில், சுருட்டு வடிவில், ஒற்றை ஒற்றையாக முட்டை இடும். பொரித்த புழு நேராகக் குருத்துக்குள் இறங்கி வளரும் முனையை அறுத்துவிடும். நடுக்குருத்து காய்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும். அழுகல் நாற்றம் அடிக்கும்.

அடுத்தது தண்டுத் துளைப்பான். முதலில் இலைகளில் வரிசையாக ஓட்டை தெரியும். பிறகு புழு தண்டுக்குள் போய்விடும். உள்ளே போன புழுவை எந்த மருந்தும் எளிதில் தொடாது. அறுவடைக்குப் பிறகும் அது ஓய்வதில்லை. வயலில் விட்ட கட்டைகளிலும் போரில் அடுக்கிய தட்டையிலும் உறங்கி, அடுத்த மழைக்கு விழித்துக்கொள்ளும்.

கதிர் பூக்கும்போது வருவது கதிர் ஈ. ஆரஞ்சு நிறத்தில், கொசுவைவிடச் சிறியது. பெண் ஈயின் ஆயுள் ஏறக்குறைய ஒரே நாள். அந்த ஒரு நாளில் பூக்கும் கதிராகப் பார்த்து முட்டைகளை இட்டுவிட்டுச் செத்துப்போகும். புழு சூலைத் தின்றுவிடுவதால் கதிர் வெறும் உமியாக நிற்கும். கடைசியாக, மணி பால் பிடிக்கும் நேரத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி வந்து பாலை உறிஞ்சும். தமிழகத்துக்கு இது பழைய பகைவன். கோயம்புத்தூரில் இருந்த சென்னை மாகாண அரசின் பூச்சியியலாளர் பல்லார்டு, 1916-லேயே இதைப் பற்றி ஆய்வுரை வெளியிட்டிருக்கிறார்.

நால்வருக்கும் பொதுவான ஒரு பலவீனம் இருக்கிறது. பயிரின் குறிப்பிட்ட ஒரு வயதைத்தான் இவர்களால் அதிகம் சேதப்படுத்த முடியும். அந்த வயதை ஊரின் எல்லா வயல்களும் ஒரே சமயத்தில் கடந்துவிட்டால், பூச்சிக்குப் பெருக அவகாசம் கிடைக்காது. குருத்து ஈக்கு ஒரு தலைமுறை முடிய ஏறக்குறைய மூன்று வாரம். மழை தொடங்கி ஒரு வாரம் பத்து நாளுக்குள் விதைத்தால், ஈக்களின் எண்ணிக்கை உயர்வதற்குள் பயிர் தப்பித்துவிடும். மூன்று வாரம் தாமதித்து விதைத்தவர், முன்னால் விதைத்தவர்களின் வயலில் பிறந்து வளர்ந்த ஈக் கூட்டத்தைத் தன் இளம் பயிரோடு வரவேற்கிறார்.

இங்கேதான் பூச்சியியல் முடிந்து பொருளாதாரம் தொடங்குகிறது. ஊரில் கடைசியாக விதைப்பவர் யார்? சொந்த மாடு இல்லாதவர். டிராக்டர் வாடகைக்கு மற்றவர்கள் முடிக்கும் வரை காத்திருப்பவர். விதை வாங்கப் பணம் புரட்ட வெளியூர் கூலிக்குப் போனவர். குத்தகை நிலம் எது என்று கடைசி நேரத்தில் தெரிந்துகொள்பவர். குருத்து ஈக்கு ஏழை பணக்காரர் பேதம் தெரியாது. ஆனால் அதன் கணக்கில் அதிகம் அடிபடுவது ஏழையின் வயல்தான்.

வீரிய விதையோடு வந்த வினை

ஒன்றாக விதைத்து ஒன்றாக அறுக்கும் ஏற்பாடு பழைய ரகங்களின் காலத்தில் ஓரளவு இயல்பாகவே இருந்தது. அந்த ரகங்கள் பகல் குறுகுவதைப் பார்த்துப் பூப்பவை. சில நாள் முன்பின்னாக விதைத்தாலும் பூக்கும் நேரம் அதிகம் விலகாது. 1964-ல் சி.எஸ்.எச்.-1 என்ற முதல் வீரிய ஒட்டுச் சோளம் வந்தது. குட்டையான பயிர், குறைந்த நாள், அதிக மகசூல். பசித்திருந்த நாட்டுக்கு அது வரம்தான்.

வரத்தோடு வினையும் வந்தது. புதிய ரகங்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாமல், விதைத்த நாளைக் கணக்கிட்டுப் பூத்தன. ஒரு வயலில் 60-வது நாளில் பூ, பக்கத்தில் நாட்டு ரகத்தில் ஒரு மாதம் கழித்துப் பூ. ஒரே நாள் ஆயுள் கொண்ட கதிர் ஈக்கு, தலைமுறை தலைமுறையாக விருந்து கிடைத்தது. முதல் வயலில் பெருகி, இரண்டாவதில் கொழுத்து, கடைசியாகப் பூத்த வயலைத் துடைத்துவிட்டுப் போனது. குருத்து ஈக்கும் புதிய ரகங்களின் மென்மையான குருத்து பிடித்துப் போயிற்று.

பரிகாரமாக வந்தவை தூள்களும் குருணைகளும். கதிர்ப் பூச்சிகளுக்கு பி.எச்.சி. தூள் பல ஆண்டுகள் பரிந்துரையில் இருந்தது. 1997-ல் அது நாட்டில் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்ச நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்தது. மருந்துகள் வந்தன, போயின. குருத்து ஈயும் தண்டுத் துளைப்பானும் இன்றும் இருக்கின்றன. நாட்டில் சோளப் பரப்புதான் சுருங்கிவிட்டது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் 1.7 கோடி ஹெக்டேருக்கு மேல் இருந்தது, இப்போது 40 லட்சம் ஹெக்டேர் அளவில் நிற்கிறது. பாசனமும், மக்காச்சோளம், சோயா, பருத்தியின் விலையும், ரேஷன் அரிசியும் இதற்குப் பெரிய காரணங்கள். பூச்சியின் பங்கும் கொஞ்சம் உண்டு.

விதைக்குள் வேலி

பணம் கேட்காத பாதுகாப்பில் மிகச் சிறந்தது விதைக்குள்ளேயே இருக்கும் பாதுகாப்பு. இந்தத் தேடலில் முதல் அடி எடுத்து வைத்தவர்களில் ஒருவர், சென்னை மாகாணத்தில் பணியாற்றிய பி.டபிள்யு.எக்ஸ். பொன்னையா. இருநூறுக்கு மேற்பட்ட சோள வகைகளை வயலில் சோதித்து, சிலவற்றை மட்டும் குருத்து ஈ அவ்வளவாகத் தொடுவதில்லை என்று 1951-ல் எழுதினார். பின்னர் வந்த ஆராய்ச்சிகள் காரணத்தைக் கண்டுபிடித்தன. இளம் இலை பளபளப்பாகவும், அடிப்புறம் நுண்ணிய முடிகளோடும் இருந்தால் ஈக்கு முட்டை இடப் பிடிப்பதில்லை.

வட கர்நாடகத்துக்காரர் ரொட்டிக்கு விரும்பும் மால்தண்டி, இதற்கு ஒரு நல்ல உதாரணம். மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் அருகே மோஹோல் ஆராய்ச்சிப் பண்ணையில் நாட்டுச் சோளத்திலிருந்து பொறுக்கி எடுத்த எம். 35-1 என்ற ரகம், பல பத்தாண்டுகள் கழித்தும் பின்பருவக் கரிசல் நிலங்களை விட்டு நகரவில்லை. ருசியும் தட்டையும் ஒரு காரணம். குருத்து ஈயை ஓரளவு தாங்கும் குணம் இன்னொரு காரணம்.

கதிர் ஈக்கும் இதே வழியில் விடை கிடைத்தது. ஐதராபாத் அருகே பட்டான்செருவில் 1972-ல் தொடங்கிய சர்வதேச ஆராய்ச்சி நிறுவனமான இக்ரிசாட், குட்டையான, இறுக்கமான உமி கொண்ட சோள வகைகளைத் தேடி எடுத்தது. உமி இறுகியிருந்தால் ஈயால் முட்டையை உள்ளே செருக முடியாது. அங்கே உருவான ஐ.சி.எஸ்.வி. 745 என்ற ரகம் கர்நாடகத்தில் டி.எஸ்.வி. 3 என்ற பெயரில் விவசாயிகளுக்குக் கிடைத்தது. விதையை ஒரு முறை வாங்கினால் போதும், அடுத்த ஆண்டுக்கு வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். ஒட்டு விதை விற்கும் கம்பெனிகளுக்கு இப்படிப்பட்ட ரகங்களில் அக்கறை பிறப்பது அரிது. அரசு விதைப் பண்ணைகள் ஊக்கம் காட்டினால்தான் இவை பரவும்.

விதையோடு சில கைவேலைகளும் சேர வேண்டும். எல்லாமே மலிவு. தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கருவாட்டுப் பொறி அதில் ஒன்று. துளையிட்ட டப்பாவில் கருவாட்டுத் தூளை நனைத்து வைத்தால் வாசனைக்குக் குருத்து ஈ வந்து மாட்டிக்கொள்ளும். ஹெக்டேருக்கு 12 பொறி, பயிருக்கு 30 நாள் ஆகும் வரை. விதையைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, பயிர் கலைக்கும்போது குருத்து காய்ந்த நாற்றுகளைப் பிடுங்கிப் புழுவோடு அழிப்பது இன்னொன்று. நான்கு வரிசை சோளத்துக்கு ஒரு வரிசை மொச்சை போட்டால் தண்டுத் துளைப்பான் குறையும். வயலில் கட்டைகளை விடாமல் பிடுங்குவதும், தட்டையை நறுக்கி மாட்டுக்குப் போடுவதும் அடுத்த ஆண்டின் புழுவை இந்த ஆண்டே கொல்லும். கதிர் நாவாய்ப்பூச்சிக்கு வேப்பங்கொட்டைச் சாறு.

படையெடுத்த புழு

இந்தப் பழைய பாடங்கள் எல்லாம் 2018-ல் ஒரு சோதனையைச் சந்தித்தன. அந்த ஆண்டு மே மாதம் சிவமொக்கா வேளாண் கல்லூரி விஞ்ஞானிகள் மக்காச்சோள வயலில் புதிய புழு ஒன்றைப் பார்த்தார்கள். அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு. 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் இறங்கி, அந்தக் கண்டம் முழுவதும் பரவி, இந்தியா வந்திருந்தது. மரபணுச் சோதனை மூலம் பெங்களூரு பணியகமும் அதை உறுதி செய்து, ஜூலை இறுதியில் நாட்டுக்கு எச்சரிக்கை விடுத்தது. சில மாதங்களில் தமிழகத்தின் மக்காச்சோள மாவட்டங்களும் கலங்கின. மக்காச்சோளத்தோடு நிற்காமல் சோளத்தின் குருத்துக்குள்ளும் புழு இறங்கியது.

விவசாயிகள் மருந்துக் கடைக்கு ஓடினார்கள். ஹெப்பாள் விஞ்ஞானிகள் வயலுக்குப் போய், முட்டைக் குவியல்களைச் சேகரித்தார்கள். அவற்றில் சில ஏற்கனவே உள்நாட்டுக் குளவிகளின் வசம் போயிருந்தன. அவற்றில் ஒன்று டெலினோமஸ் ரெமஸ். இந்த இனக் குளவியை 1960-களில் நியூகினித் தீவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்ததே பெங்களூருதான். 1957-ல் இங்கே தொடங்கிய காமன்வெல்த் உயிரியல் கட்டுப்பாட்டு நிலையம் வேறொரு புழுவுக்காகச் செய்த ஏற்பாடு அது. புழுக்களுக்கு நோய் உண்டாக்கும் பூஞ்சைகளும் வைரசும் பாக்டீரியாவும் ஆய்வுக் கூடத்தின் கையிருப்பிலிருந்து வெளியே வந்தன. 1993-ல் உயிரியல் கட்டுப்பாட்டுத் திட்ட இயக்ககம் என்ற பெயரில் உருவாகி, 2014-ல் இப்போதைய பெயரைப் பெற்ற நிறுவனத்துக்கு, பூச்சிகளையும் கிருமிகளையும் சேமித்து வைப்பது ஏன் என்ற கேள்விக்கு அந்த ஆண்டு நல்ல பதில் கிடைத்தது.

பூச்சிகளின் பயணம் ஒருவழிப் பாதையும் அல்ல. ஆசியாவுக்கே உரிய நம் தண்டுத் துளைப்பான் 1930-களில் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்கே சோளத்தையும் மக்காச்சோளத்தையும் நாசப்படுத்தியது. 1990-களின் தொடக்கத்தில் கென்யா விஞ்ஞானிகள் அதன் பிறப்பிடத்தில் எதிரியைத் தேடி, பாகிஸ்தானிலிருந்து கொட்டீசியா என்ற குளவியைக் கொண்டுபோனார்கள். புழுவை இழுக்கும் நேப்பியர் புல்லை வயலைச் சுற்றியும், விரட்டும் டெஸ்மோடியம் செடியைப் பயிருக்கு இடையிலும் நட்டு, சிறு விவசாயிகளுக்கு ஒரு முறையையே உருவாக்கினார்கள். புல் மாட்டுக்குத் தீவனமாகவும் ஆனதால் விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழகத்துக்கு பெங்களூரு செய்த உதவிகளும் பதிவாகியுள்ளன. பப்பாளி மாவுப்பூச்சி கோவை வட்டாரத்தில் மல்பெரி, மரவள்ளி, பப்பாளி எல்லாவற்றையும் வெள்ளையடித்தபோது, 2010-ல் போர்ட்டோரிக்கோவிலிருந்து குளவி வந்தது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து வந்த குளவி 2022-ல் சேலம் மாவட்டத்தில் விடப்பட்டது. இரண்டும் ஹெப்பாள் வழியாக வந்தவை. விவசாயி காசு கொடுக்காமலே, குளவி தானாகப் பெருகிப் பரவியது.

ஊர் எல்லையில் நிற்கும் விஞ்ஞானம்

சோளத்துக்கு அப்படி ஒரு மாயக் குளவி வரப்போவதில்லை. காரணம் எளிது. மாவுப்பூச்சிகள் வெளிநாட்டிலிருந்து எதிரி இல்லாமல் தனியாக வந்தவை. எதிரியைக் கொண்டுவந்தால் கதை முடிந்தது. குருத்து ஈயும் தண்டுத் துளைப்பானும் கதிர் நாவாய்ப்பூச்சியும் இந்த மண்ணிலேயே காலங்காலமாக இருப்பவை. அவற்றின் எதிரிகளும் இங்கேயே இருக்கின்றன. அந்த எதிரிகளைக் கொல்லாமல் விடுவதும், தேவையான நேரத்தில் கொஞ்சம் கூடுதலாக விடுவதும், விதைப்பை ஒருங்கிணைப்பதும்தான் வழி. இவற்றை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. ஊர் ஊராகச் செய்ய வேண்டும்.

அங்கேதான் சிக்கல். கர்நாடகத்தில் வட்டாரம் தோறும் ரைத சம்பர்க்க கேந்திரங்கள் இருக்கின்றன. விதையும் மருந்தும் மானிய விலையில் அங்கே கிடைக்கும். ஆண்டு முழுவதும் அலமாரியில் இருக்கும் மருந்து டப்பாவுக்கு அந்த ஏற்பாடு சரி. ஒரு வாரத்தில் உயிர் வந்து பறந்துவிடும் அட்டைக்குச் சரிவராது. அட்டை எந்த நாளில் தேவை என்று வயல் சொல்ல வேண்டும். அந்த நாளில் அது வந்து சேர வேண்டும். கரும்புக்கு இது நடக்கிறது. பல சர்க்கரை ஆலைகள் சொந்தமாக ஆய்வுக் கூடம் வைத்து அட்டை தயாரிக்கின்றன. சோளத்துக்கு ஆலையும் இல்லை, மொத்தமாக வாங்குபவரும் இல்லை. அதனால் கூடமும் இல்லை.

நாளைச் சொல்வதற்குக் கருவிகள் வந்துவிட்டன. ராய்ச்சூர் வேளாண் பல்கலைக்கழகம், பெங்களூரு மென்பொருள் நிறுவனம் ஒன்றின் துணையோடு இ-சாப் என்ற ஏற்பாட்டை உருவாக்கியது. விரிவாக்கப் பணியாளர் கைக்கருவியோடு வயலுக்குப் போய், பூச்சியின் படத்தோடு ஒப்பிட்டு, சேத அளவைக் குறித்து, அங்கேயே பரிந்துரையைச் சொல்லலாம். நல்ல முயற்சி. ஆனால் கருவி சொல்வது ஒரு வயலின் நிலைமை. ஒன்றாக விதைக்க வேண்டும் என்பது ஊரின் முடிவு. மாடு இல்லாதவருக்கு முதல் மழையிலேயே டிராக்டர் கிடைக்க வேண்டும். விதை, மழைக்கு முன்பே வட்டாரத்துக்கு வந்திருக்க வேண்டும். இதைப் பூச்சியியலாளரால் செய்ய முடியாது. கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் என்று ஊரில் யாராவது பொறுப்பேற்க வேண்டும்.

சோளப் பரப்பு சுருங்கியதால் இன்னொரு சிரமமும் சேர்ந்திருக்கிறது. நூறு வயலில் பிரிந்து தின்ற பறவையும் பூச்சியும் இப்போது பத்து வயலில் கூடுகின்றன. ஒரு ஊரில் சோளம் போடுபவர் இருவர் மூவர் என்று ஆகும்போது, சேதத்தைப் பார்த்து அவர்களும் விட்டுவிடுகிறார்கள். தமிழகத்துக் கரிசல், செம்மண் காடுகளுக்கும் இது பொருந்தும்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. பெங்களூரு உணவகங்களில் ஜோளத ரொட்டிக்கு மவுசு கூடியிருக்கிறது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று டாக்டர்களும் பரிந்துரைக்கிறார்கள். அந்த ஆர்வத்தில் ஒரு பகுதி விஜயபுராவின் கடைசி விதைப்பாளருக்கும் போய்ச் சேர வேண்டுமானால், தட்டில் விழும் ரொட்டியின் விலையைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. மழை விழுந்த பத்தாவது நாளுக்குள் அவர் நிலத்தில் ஏர் ஓட வேண்டும்.

ஏறக்குறைய 115 ஆண்டுகளுக்கு முன்பு பையையும் கலப்பையையும் வைத்துக்கொண்டு வெட்டுக்கிளியோடு போராடிய மைசூர் விவசாயிகளுக்கு மரபணுச் சோதனையும் தெரியாது, குளவி அட்டையும் கிடையாது. ஊரே ஒரு நாளில் இறங்க வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. ஹெப்பாளில் அதற்குப் பிறகு எவ்வளவோ கற்றுக்கொண்டிருக்கிறார்கள். அந்த முதல் பாடத்துக்கு மாற்று மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.